முருகைக்கல் எந்த இராச்சியம்?

நிலாவெளிக் கடற்கரைக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகளின் கையில் சிப்பியோடும் சோகியோடும் ஒரு துண்டு முருகைக்கல்லும் இருக்கும். அந்தத் துண்டைக் காட்டி, "இது என்ன?" என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். "கல்" என்பார் வாப்பா. "கடலுக்கடியில் முளைக்கிற செடி" என்பார் மூத்தம்மா. "இல்லை, அது பிராணி, எங்கட புத்தகத்தில் இருக்கு" என்பாள் பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள்.

சகோதரிகளே, மூவரில் யார் சொன்னது சரி? மூவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அது எப்படி என்று விளங்கிக்கொண்டால், பூமியில் வாழும் உயிர்களெல்லாம் பெரும் பெரும் இராச்சியங்களாகப் பிரிந்த வரலாறு முழுவதும் விளங்கிவிடும். இந்த வரலாற்றைத்தான் நம் பிள்ளைகளின் விஞ்ஞான நூல்கள் 'கூர்ப்பு' என்ற தலைப்பில் சொல்கின்றன.

அந்தச் சொல்லைக் கேட்டதும் சில வீடுகளில் ஒரு தயக்கம் எழுவதுண்டு. பிள்ளை பாடசாலையில் ஒன்றையும் மத்ரஸாவில் இன்னொன்றையும் கேட்டுவிட்டு உம்மாவின் முன்னால் வந்து நிற்கிறது. மனிதப் படைப்பைப் பற்றி உலமாக்கள் பேசியிருப்பது தனியான விடயம். அதற்குள் இக்கட்டுரை செல்லவில்லை. இங்கே நாம் பார்க்கப்போவது பாறையில் பதிந்த சுவடுகளையும், நுணுக்குக்காட்டியில் தெரியும் உயிர்களையும், நம் ஊர்க் கடலையும்தான். இவற்றைப் பற்றிப் பிள்ளை கேட்டால், "எனக்குத் தெரியாது, போய்ப் படி" என்று அனுப்பாமல் பக்கத்தில் இருந்து பேசக்கூடிய அளவுக்காவது ஓர் உம்மா தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மூன்று வீடுகள்

அரபு நூல்களைப் படித்தவர்களுக்கு 'மவாலீத்' என்ற சொல் தெரிந்திருக்கும். கனிப்பொருள், தாவரம், விலங்கு ஆகிய மூன்றையும் அறிஞர்கள் அப்படி அழைத்தார்கள். இம்மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படிகள் என்றும், ஒரு படியின் உச்சி அடுத்த படியின் அடியைத் தொடுகிறது என்றும் அவர்கள் கருதினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாரசீக மொழியில் எழுதிய நிஸாமி அரூஸி ஸமர்கந்தி, கனிப்பொருளின் உச்சியில் நின்று தாவரத்தைத் தொடுவது முருகைக்கல்லே என்றார். 1377ஆம் ஆண்டில் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், தாவரங்களின் உச்சியில் பேரீச்சையையும் திராட்சைக் கொடியையும் வைத்தார். அவற்றுக்கு அடுத்தபடியாக விலங்குகளின் தொடக்கத்தில் நத்தையையும் சிப்பியையும் வைத்தார்.

இன்றைய கூர்ப்புக் கொள்கையை அவர்கள் அன்றே கூறிவிட்டார்கள் என்று சிலர் பெருமை பேசுவதுண்டு. அது சரியன்று. அவர்கள் சொன்னது படிகளின் ஒழுங்கு. ஒரே மூதாதையிலிருந்து கிளைகள் பிரிந்தன என்பது வேறு கருத்து. ஆனாலும் எல்லைக் கோட்டில் நிற்கும் உயிர்களை அவர்கள் கூர்ந்து பார்த்தார்கள் அல்லவா? அந்தப் பார்வை மதிக்கத்தக்கது.

1735இல் சுவீடன் நாட்டு லினேயஸ் தம் பெயர்பெற்ற பட்டியலை வெளியிட்டபோது அவரும் கல், தாவரம், விலங்கு என்று மூன்று இராச்சியங்களையே வைத்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பிரான்சின் மார்செய் நகர வைத்தியர் பெய்சொனெல், முருகைக்கல்லில் 'பூ' என்று மற்றவர்கள் கண்டது உண்மையில் ஒரு சிறு பிராணி என்று கூறியிருந்தார். பாரிஸ் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. பல ஆண்டுகள் கழித்தே அவர் சொன்னது நிலைபெற்றது. இவ்வாறு முருகைக்கல் கல் வீட்டிலிருந்து செடி வீட்டுக்கும், அங்கிருந்து பிராணி வீட்டுக்கும் குடிபெயர்ந்தது.

ஓர் இல்லத்தரசியின் கைப்பக்குவம்

பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் லீவன்ஹூக் தாமே தேய்த்துச் செய்த வில்லையால் தண்ணீர்த் துளியைப் பார்த்தார். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீந்தின. அவை செடியா, பிராணியா? எந்த வீட்டிலும் அவற்றுக்கு இடமில்லை. 1866இல் ஜெர்மனியர் ஏர்னஸ்ட் ஹெக்கல், இத்தகைய நுண்ணுயிர்களுக்கு 'புரொட்டிஸ்டா' என்று தனி இராச்சியம் ஒன்றை அமைத்தார். இவர் 1881இல் நம் இலங்கைக்கும் வந்தார். தென்கரையில் காலியிலும் வெலிகமையிலும் தங்கிக் கடல் உயிர்களைச் சேகரித்து, அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

அதே 1881இல் ஜெர்மனியில் இன்னொரு சம்பவம் நடந்தது. பற்றீரியாவை வளர்த்துப் பார்க்க விஞ்ஞானிகள் ஜெலற்றின் கூழைப் பயன்படுத்தி வந்தார்கள். கோடை வந்தால் அது உருகி ஓடிவிடும். ரொபர்ட் கோக்கின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த வைத்தியர் வால்தர் ஹெஸ்ஸ, தம் மனைவி செய்யும் ஜெலி மட்டும் வெயிலில் உருகுவதில்லையே, ஏன் என்று கேட்டார். மனைவி ஃபெனி ஹெஸ்ஸ, தான் அதில் கடற்பாசி சேர்ப்பதாகச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த அண்டை வீட்டுக்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்ட சமையல் முறை அது. அன்றிலிருந்து இன்றுவரை உலகத்து ஆய்வுகூடங்களெல்லாம் பற்றீரியாவை அந்தக் கடற்பாசிக் கூழில்தான் வளர்க்கின்றன.

நோன்பு திறக்க நாம் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி ஆறவைத்து வெட்டுகிறோமே, அதே கடற்பாசிதான்! சிவப்பு அல்கா என்ற கடல் உயிரிலிருந்து அது கிடைக்கிறது. 'சிலோன் மொஸ்' என்று ஒரு காலத்தில் பெயர்பெற்ற வகை புத்தளத்திலும் நம் திருகோணமலைப் பக்கத்துக் கடலிலும் வளர்வதுதான். இந்தச் சிவப்பு அல்காவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவுக்குள் அது மறுபடியும் வரும்.

ஐந்து வீடுகளும் மூன்று பேரில்லங்களும்

1969இல் அமெரிக்கர் விற்றேக்கர் உயிர்களை ஐந்து இராச்சியங்களாக வகுத்தார். நம் சமையலறையிலேயே இவற்றைக் காணலாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிரைச் சட்டியில் உறைய வைப்பது பற்றீரியா. அது மொனேரா என்ற முதல் இராச்சியம். நோன்பு நேரத்துக் கடற்பாசியைத் தரும் அல்காவைப் பல நூல்கள் புரொட்டிஸ்டாவில் சேர்த்தன. பாணையும் பணிஸையும் பொங்க வைக்கும் ஈஸ்ட், பங்கசு இராச்சியம். காளானும் அதே வீட்டைச் சேர்ந்தது. அரிசியும் தேங்காயும் கறிவேப்பிலையும் தாவரம். மீனும் இறைச்சியும் விலங்கு. ஒரு வேளைச் சாப்பாட்டில் ஐந்து இராச்சியங்களும் வந்து சேர்ந்துவிடுகின்றன!

1977இல் கார்ல் வூஸ் என்பவர் உருவத்தைப் பார்க்காமல் கலத்துக்குள் இருக்கும் பரம்பரை எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். பற்றீரியா என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்ட உயிர்களுக்குள் முற்றிலும் வேறான ஒரு கூட்டம் இருப்பதை அவர் கண்டார். அதற்கு ஆர்க்கியா என்று பெயர். நம் கன்னியா வெந்நீர்க் கிணற்றைவிட மிகக் கூடுதலாகக் கொதிக்கும் ஊற்றுகளில் இவற்றில் சில வாழ்கின்றன. சில மாட்டின் இரைப்பையில் இருந்து வாயுவை உண்டாக்குகின்றன. 1990இல் வூஸும் அவருடைய தோழர்களும் உயிர்கள் அனைத்தையும் பற்றீரியா, ஆர்க்கியா, யூக்கரியா என்ற மூன்று பேரிராச்சியங்களில் அடக்கினார்கள். தாவரமும் விலங்கும் பங்கசும் புரொட்டிஸ்டாவும் யூக்கரியாவுக்குள் வந்துவிட்டன. நம் பிள்ளைகள் இன்று படிக்கும் பாடமும் இதுதான்.

பிரிந்தது பாதி, சேர்ந்தது பாதி

வீடுகளின் பெயர்களைத் தெரிந்துகொண்டோம். அவை எப்படி உண்டாயின?

பூமியின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள். மேற்கு அவுஸ்திரேலியாவின் பாறைகளில் ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த நுண்ணுயிர்கள் படைபடையாக விட்டுச்சென்ற சுவடு இருக்கிறது. அதன்பின் மிக நீண்ட காலத்துக்குப் பற்றீரியாவும் ஆர்க்கியாவும் மட்டுமே பூமிக்குச் சொந்தக்காரர்களாக இருந்தன. அவற்றில் ஒரு வகைப் பற்றீரியா சூரிய ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரிக்கக் கற்றது. அதன் கழிவாக வெளிவந்தது ஒட்சிசன். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அந்த வாயு காற்றில் சேரத் தொடங்கியது. இன்று நாம் விடும் மூச்சுக்கு அந்தச் சின்னஞ்சிறு உயிர்களே அடித்தளம் போட்டன.

அடுத்து நடந்ததுதான் வியப்பு. ஆர்க்கியா வகையைச் சேர்ந்த ஒரு கலம் ஒரு பற்றீரியாவைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. அது செரித்துப் போகவில்லை, உள்ளேயே தங்கிவிட்டது. ஒட்சிசனைக் கொண்டு உணவை எரித்துச் சக்தி தரும் வேலையை அந்த விருந்தாளி ஏற்றுக்கொண்டது. வீடும் பாதுகாப்பும் தரும் வேலையை வெளியே இருந்தது ஏற்றுக்கொண்டது. அந்த விருந்தாளியின் வழிவந்ததையே இன்று 'இழைமணி' என்கிறோம். விலங்கு, தாவரம், பங்கசு என்று நாம் கண்ணால் காணும் இராச்சியங்களெல்லாம் இந்த ஒரு கூட்டுக் குடும்பத்தின் வாரிசுகளே. இத்தகைய கலங்களின் சுவடுகள் 160 முதல் 180 கோடி ஆண்டுகள் வரை பழைமையான பாறைகளில் கிடைக்கின்றன.

இதை 1967இல் துணிந்து எழுதியவர் ஒரு பெண்: அமெரிக்க உயிரியலாளர் லின் மார்கியூலிஸ். அப்போது அவருக்கு வயது முப்பதும் ஆகவில்லை. சிறு பிள்ளைகளின் தாயாகவும் இருந்தார். பல சஞ்சிகைகள் அவருடைய கட்டுரையைத் திருப்பி அனுப்பின. பின்னர் சான்றுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இழைமணிக்குத் தனியாக டீ.என்.ஏ. இருக்கிறது, அது பற்றீரியாவின் டீ.என்.ஏ.யைப் போலவே வளையமாக இருக்கிறது. பற்றீரியா இரண்டாகப் பிரிவது போலவே இழைமணியும் பிரிந்து பெருகுகிறது. 2015இல் அத்திலாந்திக் கடலடிச் சேற்றில், நம் கலங்களுக்கு மிக நெருங்கிய ஆர்க்கியா உறவினர் கண்டுபிடிக்கப்பட்டனர். அந்த வகையைச் சேர்ந்த ஓர் உயிரைப் பன்னிரண்டு ஆண்டுகள் பொறுமையாக முயன்று வளர்த்தெடுத்ததாக யப்பானிய விஞ்ஞானிகள் 2020இல் அறிவித்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் உடலின் இழைமணிகள் வாப்பாவிடமிருந்து வருவதில்லை. உம்மாவிடமிருந்தே வருகின்றன. உம்மாவுக்கு அவருடைய உம்மாவிடமிருந்து வந்தன. பிள்ளையின் ஒவ்வொரு கலத்திலும் எரிகிற அடுப்பு, தாய்வழியாகக் கைமாறி வந்த அடுப்பு!

இரண்டாவது சேர்க்கை இப்படி நடந்தது. இழைமணி உள்ள கலங்களில் ஒன்று, சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் அந்தப் பற்றீரியாவையும் உள்ளே எடுத்துக்கொண்டது. அதுதான் இலைகளுக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணி. இந்தக் குடும்பத்திலிருந்து பச்சை அல்காவும் சிவப்பு அல்காவும் பிரிந்தன. இந்தியாவின் சித்ரகூடத்துப் பாறைகளில் சிவப்பு அல்காவைப் போன்ற 160 கோடி ஆண்டுப் பழைமையான சுவடுகள் இருப்பதாக 2017இல் ஆய்வாளர்கள் எழுதினர். பச்சை அல்காவின் வழியில் ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் செடிகள் கரையேறின.

அவை தனியே ஏறவில்லை. ஸ்கொட்லாந்தின் ரைனி என்னுமிடத்தில் 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைமையான செடிகள் கல்லாகி இருக்கின்றன. அவற்றின் உடலுக்குள் பங்கசு இழைகளும் பதிந்துள்ளன. மண்ணிலிருந்து உப்புச் சத்தைப் பங்கசு எடுத்துக் கொடுத்தது. செடி அதற்குச் சீனி கொடுத்தது. இன்றும் பெரும்பாலான செடிகளின் வேரில் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது.

பங்கசைப் பலரும் செடி வகையென்று எண்ணுவார்கள். ஆனால் செடியைவிட விலங்குக்கே அது நெருங்கிய உறவு என்று 1993இலிருந்து வந்த ஆய்வுகள் காட்டின. இறாலின் ஓட்டில் உள்ள கைற்றின் காளானிலும் இருக்கிறது. செடி மாப்பொருளைச் சேமிக்க, நம் ஈரலைப் போலக் காளான் கிளைக்கோசனைச் சேமிக்கிறது. ஆக, காளான் கறி சமைக்கும்போது சட்டியில் இருப்பது கத்தரிக்காயைவிட நமக்குக் கிட்டிய சொந்தம்! விலங்கு இராச்சியம் பங்கசிடமிருந்து பிரிந்து தன் வழியில் போயிற்று. ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பாறைகளில் ஓடும் காலும் கண்ணும் உடைய பிராணிகள் திடீரெனப் பெருகுவதைக் காண்கிறோம்.

பெட்டிக்குள் பெட்டி

இப்போது முருகைக்கல்லிடம் திரும்புவோம். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாத்தீவு இருக்கிறது. மலைப்புறாக்கள் அடைவதால் அந்தப் பெயர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அது அறிவிக்கப்பட்டது. அதைச் சூழ்ந்த கடலில் ஏறத்தாழ நூறு இன முருகைக்கற்களும் முந்நூறு இன மீன்களும் பதிவாகியுள்ளன.

உயிருள்ள முருகைக்கல்லில் ஆயிரக்கணக்கான சிறு பிராணிகள் ஒட்டி வாழ்கின்றன. ஒவ்வொன்றும் வாயைச் சுற்றித் தும்பிக்கைபோன்ற உணர்கொம்புகளைக் கொண்ட ஒரு மெல்லிய பை; ஜெலிமீனுக்குச் சொந்தம். பிள்ளை சொன்ன 'பிராணி' இதுதான். தன்னைத் தாங்கிக்கொள்ள அது கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கட்டும் வீடுதான் வாப்பா சொன்ன 'கல்'. அந்தப் பிராணியின் கலங்களுக்குள் நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்ரிமீற்றரில் பத்து இலட்சத்துக்கும் மேல்! வெயிலில் அவை தயாரிக்கும் உணவில் பெரும்பகுதியைப் பிராணிக்குக் கொடுக்கின்றன. பிராணியின் கழிவை உரமாக எடுத்துக்கொள்கின்றன. முருகைக்கல்லின் நிறத்தில் பெரும்பங்கு இந்தக் குடித்தனக்காரர்களுடையது. மூத்தம்மா 'செடி' என்றது இதற்குப் பொருந்துகிறது.

இன்னும் உள்ளே போவோம். அந்த அல்காவின் உணவு தயாரிக்கும் உறுப்பு அதற்குச் சொந்தமானதன்று. அதன் மூதாதை எப்போதோ ஒரு சிவப்பு அல்காவின் வழிவந்த உயிரை விழுங்கிப் பெற்ற உறுப்பு அது. ஆம், நம் நோன்புக் கடற்பாசியின் சொந்தக்காரர்! அந்தச் சிவப்பு அல்காவோ பற்றீரியாவை உள்ளெடுத்து வைத்திருந்தது. ஆக, பிராணிக்குள் புரொட்டிஸ்டா, அதற்குள் சிவப்பு அல்காவின் எச்சம், அதற்குள் பற்றீரியாவின் எச்சம்: பெட்டிக்குள் பெட்டியாக இராச்சியங்கள் அடுக்கியிருக்கின்றன. முருகைக்கல்லும் அல்காவும் ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளாக இப்படிக் கூடி வாழ்வதாக 2018இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

குடித்தனம் கலைந்தால்

இவ்வளவு நீண்ட உறவு கலைய எவ்வளவு வெப்பம் வேண்டும் தெரியுமா? கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு பாகை கூடி, அது சில வாரங்கள் நீடித்தால் போதும். அல்காக்கள் வெளியேறிவிடும். முருகைக்கல் வெண்மையாகிவிடும். கடல் விரைவில் குளிர்ந்தால் அவை திரும்ப வரக்கூடும். இல்லையேல் பிராணி பட்டினியால் இறக்கும். பின்பு மிஞ்சுவது வெறும் கல்தான்.

1998இல் இந்து சமுத்திரம் முழுவதும் இது நடந்தது. நம் நாட்டின் மேற்கிலும் தெற்கிலும் முருகைக்கல் பெருமளவு மடிந்தது. திருகோணமலைப் பக்கத்து முருகைக்கற்கள் அந்த முறை பெரிதும் தப்பின. அதன் பிறகும் உலகக் கடல்கள் மீண்டும் மீண்டும் சூடேறின. உலகளாவிய நான்காவது வெளிறல் நடைபெறுவதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஒருமுறை தப்பியது எப்போதும் தப்பும் என்று இருந்துவிட முடியாது.

கடலின் சூட்டை ஒரு வீட்டால் குறைக்க முடியாதுதான். ஆனால் களைத்துப்போன நோயாளியை மேலும் அடிக்காமல் இருக்க முடியும் அல்லவா? முருகைக்கல்மேல் ஏறி மிதிப்பது, நங்கூரத்தை அதன்மேல் போடுவது, டைனமைற் வெடித்து மீன் பிடிப்பது, அதைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது ஆகிய எல்லாமே மனிதக் கையால் நடப்பவை. கலவாயும் விளைமீனும் ஓராவும் நம் சட்டிக்கு வருவதற்கு முன் இந்தக் கல்லை அண்டித்தான் வாழ்கின்றன. கல் செத்தால் மீன் குறையும். மீன் குறைந்தால் கரைவலைக்காரர் வீட்டு அடுப்பில்தான் அது முதலில் தெரியும்.

ஆகவே புறாத்தீவுக்குப் போகும்போது பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: நீருக்குள் கால் ஊன்றும் இடம் மணலாக இருக்கட்டும், முருகைக்கல்லை ஒடித்துக்கொண்டு வரவேண்டாம், விற்பனைக்கு வைத்திருந்தால் வாங்கவும் வேண்டாம். "ஏன் உம்மா?" என்று பிள்ளை கேட்கும். அப்போது தட்டில் இருக்கும் கடற்பாசித் துண்டைக் காட்டி, அதன் சொந்தக்காரர் ஒருவர் முருகைக்கல்லுக்குள் குடியிருக்கும் கதையைத் தொடங்குங்கள். தயிர், பாண், காளான், கறிவேப்பிலை என்று அது தானாகவே நீளும். இராச்சியங்கள் பிரிந்த வரலாற்றைப் பாடநூல் நன்றாகவே சொல்லிக் கொடுக்கும். அவை ஒன்றுக்குள் ஒன்று சேர்ந்து பிழைத்த வரலாற்றை உம்மாவின் வாயால் கேட்ட பிள்ளை, முருகைக்கல்லை வெறும் கல்லென்று எண்ணி மிதிக்காது.